வெள்ளிக்கிழமை கிளம்பும் முன் படி, கண்ணு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீ கூப்பிட்டுச் சொன்னதும், "சரி, அப்பாகிட்டக் கேளு" என்று போனை வைத்துவிட்டேன். அமெரிக்காவில் ஒரு ஜூனியர் காலேஜ் கோச் உன் பாஸ்கெட்பால் ஆட்டத்தைப் பார்த்து, எங்கள் காலேஜுக்கு வா என்று கூப்பிட்டிருக்கிறார். அதற்கு அம்மா சொன்ன பதில் அவ்வளவுதான். அப்புறம் தூக்கமே வரவில்லை. அம்மாயி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆறாவது வரை கோயம்புத்தூரில் படித்த தமிழ் உனக்கு மறந்திருக்காது, மெதுவாகப் படி.

"ஜூனியர் காலேஜ்" என்ற வார்த்தைதான் எனக்குத் தொண்டையில் நின்றது. பெரியம்மாவிடம் சொன்னால், "அது ஆந்திராவில் ப்ளஸ் டூதானே?" என்கிறாள். அம்மாயி, "பி.யு.சி. மாதிரியா?" என்று கேட்டார்கள். அங்கே அது பள்ளி முடித்ததும் சேர்கிற இரண்டு வருஷக் காலேஜ், அதை முடித்து நாலு வருஷக் காலேஜுக்கு மாறலாம் என்று நான் விளக்கவில்லை, பேச்சை மாற்றிவிட்டேன். உன்னைப் பற்றிய பேச்சை நான் மாற்றியது இதுவரை நடந்ததில்லை. மன்னிச்சிரு கண்ணு.

நீ ஒரு வருஷமாகப் பெரிய யுனிவர்சிட்டிகளுக்கு எழுதிப் பதில் வராதபோதெல்லாம் உன் ஆட்டத்தைத்தான் குறை சொன்னாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போதுதான் விஷயம் புரிகிறது. 2021-ல் விதி மாறி, காலேஜ் மாறுகிறவர்கள் ஒரு வருஷம் காத்திருக்காமல் உடனே ஆடலாம் என்று ஆகிவிட்டது. அதற்கப்புறம் பல கோச்கள், பள்ளி முடிக்கிற பிள்ளையை எடுத்துப் பழக்குவதைவிட, ஏற்கெனவே காலேஜில் ஆடிப் பழகினவர்களையே தேடுகிறார்கள். உன் வயசுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இதனால் வெளியே நிற்கிறார்கள்.

உன் வீடியோவை நூறு கோச்களுக்கு அனுப்புவதாகச் சொல்லி ஒரு கம்பெனி நம்மிடம் பணம் வாங்கியதே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு போன்கூட வரவில்லை. இந்தக் கோச் வந்தது நீயே எழுதிய ஈமெயிலைப் பார்த்துத்தான்.

அவர் முழு மேட்ச் வீடியோ கேட்டபோது எனக்குப் பயமாக இருந்தது. நான் கத்தரித்து வைத்திருந்த நாலு நிமிஷத்தில் எல்லாமே நீ போட்ட கூடைகள். முழு மேட்சில்தானே அது இருக்கிறது: மூன்றாவது குவார்ட்டரில் நீ நடுக்கோர்ட்டில் பந்தைப் பறிகொடுத்தது. எதிரணிப் பெண் தனியாக ஓடுகிறாள். நீ தலையைத் தொங்கப் போடவில்லை, கோச் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னாலேயே ஓடி, அவள் கூடைக்குக் கிட்டப் போய் லே-அப் போட எழும்பும்போது விரல் நுனியால் பந்தை வெளியே தட்டிவிட்டாய். பந்தைப் பறிகொடுத்தது தெரியக்கூடாது என்று நான் வெட்டி எறிந்த இடம் அது. அவர் உன்னிடம் முதலில் பேசியதே அந்த ஓட்டத்தைப் பற்றித்தான் என்று நீ சொன்னாயே, அந்த ஒன்றுக்காகவே அவரை நம்பலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெரிய பாஸ்கெட்பால் வீரர் ஜிம்மி பட்லர் டைலர் ஜூனியர் காலேஜில் ஒரு வருஷம் ஆடிவிட்டுத்தான் மேலே போனார் என்று அப்பா உனக்குப் பத்து தடவை சொல்லியிருப்பார். எனக்குப் பிடித்தது பாஸ்கெட்பால் வீராங்கனை ஷெரில் ஸ்வூப்ஸ் கதை. மேற்கு டெக்சாஸில் பிரவுன்ஃபீல்ட் என்ற சின்ன ஊர்ப் பெண். ஆஸ்டினில் பெரிய யுனிவர்சிட்டி ஸ்காலர்ஷிப் கொடுத்து அழைத்தது. போனாள், வீட்டு ஞாபகம் தாங்காமல் சில நாளிலேயே திரும்பிவிட்டாள். அப்புறம் சேர்ந்தது வீட்டுக்குப் பக்கத்தில் லெவலேண்டிலிருக்கும் சவுத் பிளெயின்ஸ் காலேஜ், ஜூனியர் காலேஜ்தான். அங்கே இரண்டு வருஷம் ஆடி, டெக்சாஸ் டெக் யுனிவர்சிட்டிக்குப் போய், 1993 காலேஜ் அணிகளின் தேசிய இறுதி ஆட்டத்தில் தனியாக 47 புள்ளி எடுத்தாள். பிற்பாடு மூன்று ஒலிம்பிக் தங்கம். அவள் திரும்பி வந்த அன்று அவள் அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அங்கே போனதும் ஜிம்மையும் லாக்கர் ரூமையும் பார்த்து மயங்கிவிடாதே. கேட்க வேண்டியதைக் கேள். உன் இடத்தில் ஆட ஏற்கெனவே எத்தனை பேரை எடுத்திருக்கிறார்கள்? போன வருஷம் முடித்துப் போன பெண்கள் இப்போது எந்தெந்தக் காலேஜில் ஆடுகிறார்கள்? நீ படிக்கிற பாடங்களின் கிரெடிட் நாலு வருஷக் காலேஜில் செல்லுமா? இந்தக் காலேஜ் ஜூனியர் காலேஜ்களில் முதல் டிவிஷன், அதாவது மேல் மட்டம், என்பதால் படிப்புக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், வருஷத்துக்கு ஒருமுறை போக வரும் செலவு வரைக்கும் அவர்கள் தரலாம். ஆனால் "தரலாம்" வேறு, "தருகிறோம்" வேறு. இரண்டாம் டிவிஷனாக இருந்தால் தங்குமிடமும் சாப்பாடும் நம் தலையில்தான் விழுந்திருக்கும். எது எது உனக்கு உண்டு என்று எழுத்தில் வாங்கு. நீ கையெழுத்துப் போடும் ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்குத்தான். முழங்காலில் அடிபட்டால் இரண்டாம் வருஷம் என்ன ஆகும் என்பதைக் கூச்சப்படாமல் கேள். உனக்கு வாய் வராவிட்டால் அப்பா கேட்கட்டும்.

மார்க் விஷயமும் இருக்கிறது. அங்கிருந்து முதல் டிவிஷனில் ஆடும் நாலு வருஷ யுனிவர்சிட்டிக்கு மாறி ஆட 2.5 ஜி.பி.ஏ., அதாவது நாலுக்கு இரண்டரை சராசரி மார்க், வேண்டும். உன்னால் அதற்கு மேலேயே எடுக்க முடியும். ஆனால் பஸ்ஸில் ஆறு மணி நேரம் போய் ஆடிவிட்டு நடுராத்திரி திரும்புகிற வாரங்களில் முதலில் விட்டுப்போவது படிப்புதான்.

உனக்குப் பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வா. பிடித்திருந்தால் என் முகத்தைப் பார்த்துத் தயங்காதே. பெரியம்மாவிடம் இன்று காலையே போன் போட்டு முழுசாகச் சொல்லிவிட்டேன்.

அம்மாயி இப்போது வாக்கர் பிடித்து வாசல் வரை நடக்கிறார்கள். உன்னைப் பற்றி அவர்களுக்கு ஒரே ஒரு கேள்விதான்: அந்த ஊரில் சோறு கிடைக்குமா? டைனிங் ஹாலுக்குப் போனதும் தட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. இங்கே நடுராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை, நான் விழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா