உலக உருண்டை ஐகான் பற்றி

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். பாளையங்கோட்டை, அம்பை, வள்ளியூர் கடைகளில் இருந்து ஒரே புகார்: டாஸ்க்பாரில் உலக உருண்டை, 'இன்டர்நெட் இல்லை' என்கிறது, ஆனால் குரோமில் எல்லாத் தளமும் திறக்கிறது. லைன்மேனைக் கூப்பிட வேண்டாம், கேபிளில் கோளாறு இல்லை.

விண்டோஸ் அந்த ஐகானைப் போடுவதற்கு முன் மைக்ரோசாஃப்டின் சோதனைத் தளம் ஒன்றிலிருந்து ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலை எடுக்கும். அதில் இருப்பது 'மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்' என்ற மூன்றே சொற்கள். அது வந்து சேராவிட்டால் நெட்டே இல்லை என்று முடிவுகட்டிவிடும். விபிஎன், பிராக்ஸி (இரண்டும் நெட்டை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடுபவை), ஆன்ட்டிவைரஸ், விளம்பரம் தடுக்கும் டிஎன்எஸ் (தளத்தின் பெயரைக் கொண்டு அதன் முகவரியைத் தேடித் தரும் சேவை), இவற்றில் ஏதாவது அந்தத் தளத்தை மறித்திருக்கும். ஐகான்தானே என்று விடவும் முடியாது. அவுட்லுக் போன்றவை அதை நம்பிக்கொண்டு லாகின் ஆக மறுக்கும்.

முதலில் விபிஎன், பிராக்ஸியை அணையுங்கள். அப்புறம் டிஎன்எஸ்ஸை ஆட்டோமேட்டிக்கில் வைத்து ரீஸ்டார்ட். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். இல்லையென்றால் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் செட்டிங்குகள் இருக்கும் இடம்) மேலே சொன்ன சோதனையை இயக்கும் 'எனேபிள் ஆக்டிவ் புரோபிங்' மதிப்பு 1 என இருக்கிறதா பாருங்கள். சில 'ஸ்பீடு ஏற்றும்' சாஃப்ட்வேர்கள் அதை 0 ஆக்கிவிடுகின்றன. நெட்வொர்க் ரீசெட் கடைசியில்தான். அது வைஃபை பாஸ்வேர்டையெல்லாம் துடைத்துவிடும், வாடிக்கையாளரிடம் முதலிலேயே கேட்டு எழுதி வையுங்கள்.

இதற்கு நேர்மாறாக, வைஃபை சிக்னல் கோடு முழுசாக இருந்தும் நெட் வராது என்பவர்களுக்கு: அந்தக் கோடு ரூட்டர் வரைக்கும்தான் பேசும். ரூட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.