இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் உன் குரலே சரியாக இல்லை. "கீழே இறக்கிவிட்டார்கள் அப்பா. கார் டிசைன் டீமிலிருந்து எடுத்து இஸ்திரிப் பெட்டிக்குப் போட்டிருக்கிறார்கள்" என்றாய். நானும் எல்லாம் நல்லதுக்குத்தான் என்று எதையோ பொத்தாம்பொதுவாகச் சொல்லி வைத்துவிட்டேன். ராத்திரி முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது. போனில் எனக்குக் கோவையாகப் பேச வராது. எழுதினால் கொஞ்சம் சரியாக வரும்.

உன் வருத்தம் புரிகிறது. பத்து வயதிலிருந்து நீ வரைந்ததெல்லாம் கார்தான். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களைக் கிழித்து இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் 'கீழே' என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் எனக்கு ஒப்பவில்லை.

ஹாஸ்டல் அறைச் சுவரில் முதல் தலைமுறை கோல்ஃப் காரின் படத்தை ஒட்டி வைத்திருந்தாயே, 1974-ல் வந்தது. அதை வரைந்த ஜோர்ஜெத்தோ ஜுஜாரோவிடமிருந்தே தொடங்குகிறேன். இத்தாலியின் பீட்மாண்ட் பகுதியில் கரேசியோ என்ற சிற்றூர்க்காரர், 1938-ல் பிறந்தவர். தாத்தா தேவாலயச் சுவர்களில் ஓவியம் தீட்டியவர், அப்பாவும் ஓவியர். பதினேழு வயதில் ஃபியட்டில் சேர்ந்தார். 1968-ல் தன் கூட்டாளியோடு இத்தால்டிசைன் நிறுவனத்தைத் தொடங்கினார். 1999-ல் நூற்றாண்டின் கார் டிசைனர் என்று அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். இதெல்லாம் உனக்கு மனப்பாடம். நான் உன்னைப் பார்க்கச் சொல்வது 1980-ம் வருஷத்தை. அந்த ஒரே வருஷத்தில் அவர் கைபட்ட இரண்டு பொருள்கள் வெளிவந்தன. ஒன்று ஃபியட் பாண்டா, இன்னொன்று நிக்கான் எஃப்3 கேமரா.

எஃப்3-ஐ என் நண்பர் ஒருவர் வைத்திருந்தார். ஒருமுறை கையில் கொடுத்தார். வாங்கியதுமே என் வலது கை விரல்கள் தாமாகப் போய் ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டன. முன்பக்கம் ஒரு சின்னப் புடைப்பு, அதன் ஓரத்தில் நெட்டுக்கு ஒரு மெல்லிய சிவப்புக் கோடு. அவ்வளவுதான். அந்தப் புடைப்பு இல்லாவிட்டால் அது வழுக்கப் பார்க்கும் கனமான பெட்டி. இருப்பதால், பிடித்துக்கொள் என்று கையைக் கூப்பிடுகிறது. அந்தக் கேமராவை 2001 வரை தயாரித்தார்கள். சிவப்பு அடையாளத்தை நிக்கான் பிறகு வந்த கேமராக்களிலும் விடவில்லை.

சரி, பாண்டாவுக்கு வா. எனக்கு அவருடைய கார்களிலேயே மிகப் பிடித்தது அதுதான், கோல்ஃப் கூட அப்புறம்தான். கண்ணாடிகள் எல்லாமே தட்டை. வளைவில்லாத கண்ணாடியைச் செய்வது சுலபம், செலவும் குறைவு. இருக்கை என்றால் குழாய்ச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி. உறையைக் கழற்றித் துவைத்துக்கொள்ளலாம். பின்னிருக்கையைத் தொட்டில் மாதிரித் தொங்கவிடலாம், படுக்கையாக விரிக்கலாம், வேண்டாமென்றால் வெளியே எடுத்து வைத்துவிடலாம். டாஷ்போர்டின் நீளத்துக்கு ஒரு துணிப் பை. சாவி, வரைபடம், குழந்தையின் பொம்மை எதுவானாலும் போட்டுக்கொள்ளலாம். ஆஷ்ட்ரேகூட அதன் மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகரும். ஜீன்ஸ் பேன்ட் போன்ற கார் என்று அவரே அதைச் சொன்னார். எனக்கு என்ன தோன்றுகிறது தெரியுமா? கார்களை மட்டுமே பார்த்துப் பழகிய ஒருவருக்கு இந்தக் கார் தோன்றியிருக்காது. மடக்கு நாற்காலியையும் தொட்டிலையும் துணிப்பையையும் கூர்ந்து பார்த்த கண் வேண்டும். அடுத்த வருஷமே, 1981-ல், டிசைனுக்கான இத்தாலியின் கொம்பாஸோ தோரோ விருது அதற்குக் கிடைத்தது.

அவருக்கும் சறுக்கல் உண்டு. 1983-ல் வொயெல்லோ என்ற நிறுவனத்துக்காகப் புதுவடிவப் பாஸ்தா ஒன்றை வரைந்தார், பெயர் மரீலே. காருக்கு வரைவது போலவே அளவெல்லாம் குறித்து வரைந்த படம் அது. பார்க்க அலை சுருண்டு நிற்பது போல அழகு. வேகவைத்தால் எல்லா இடமும் ஒரே பதத்தில் வேகவில்லை. நிலைக்கவில்லை. ஒரு முழுக் காரைச் சமாளித்தவருக்கு விரல் நீளப் பொருள் பிடிகொடுக்கவில்லை. சின்னப் பொருள் சுலபம் என்று யாராவது உன்னிடம் சொன்னால் இதை நினைத்துக்கொள்.

அடுத்து, அமெரிக்காவில் ரேமண்ட் லோவி என்ற டிசைனர். 1893-ல் பாரிஸில் பிறந்து, 1919-ல் கப்பலேறிப் போனவர். 1929-ல் அவருக்கு வந்த வேலை ஜெஸ்டெட்னர் நகலெடுக்கும் இயந்திரம். பல்லும் சக்கரமுமாகத் துருத்திக்கொண்டு, கால்கள் நான்கு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும். அலுவலகத்தில் நடப்பவர்கள் தடுக்கி விழ வேண்டியதுதான். மனிதர் மூட்டை மூட்டையாகக் களிமண் வாங்கி இயந்திரத்தின் மேல் அப்பி, உள்ளே இருப்பதை மூடி, புது உருவம் பிடித்தார். களிமண்ணில் உருவம் பிடிப்பது நீ கார் ஸ்டூடியோவில் செய்துகொண்டிருந்த அதே வேலை. அவர் அதை ஓர் அலுவலக இயந்திரத்தில்தான் தொடங்கினார்.

பிறகு 1930-களின் நடுவில் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கோல்ட்ஸ்பாட் ஃபிரிட்ஜ் செய்தார். அதே காலத்தில் ஹப்மொபில் கார்களையும் செய்துகொண்டிருந்தார். இந்த இடம்தான் எனக்கு முக்கியம். அந்தக் காலத்து ஃபிரிட்ஜில் கம்பித் தட்டுகள் ஈரத்தில் துருப்பிடிக்கும். காரின் ரேடியேட்டர் முன்னால் வைக்கும் அலுமினிய கிரில்லிலிருந்து அவருக்கு யோசனை பிறந்தது; துருப்பிடிக்காத அலுமினியத் தட்டு ஃபிரிட்ஜுக்குள் போனது. கதவுப் பிடியையும் மாற்றினார். இரண்டு கையிலும் பாத்திரம் இருந்தால் முழங்கையால் லேசாக இடித்தாலே திறந்துகொள்ளும். காரில் கற்றது வீட்டுக்குள் வந்தது. நீயும் வெறுங்கையோடு இஸ்திரிப் பெட்டிக்கு வரவில்லை.

லோவியைப் பற்றி ஒரு மனக்குறை எனக்கு உண்டு. 1953-ன் ஸ்டூடிபேக்கர் ஸ்டார்லைனர் கார் அவர் பெயரில்தான் பேசப்பட்டது. வரைந்தவர் அவரிடம் வேலை பார்த்த ராபர்ட் பர்க். 1962-ல் வந்த அவான்டி காரும் பாம் ஸ்பிரிங்ஸில் வாடகைக்கு எடுத்த வீட்டில் டாம் கெல்லாக், பாப் ஆண்ட்ரூஸ், ஜான் எப்ஸ்டைன் ஆகியோர் அவரோடு சேர்ந்து உழைத்து உருவாக்கியது. அந்த மூன்று பேரின் பெயர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம். பெயர் வராத வேலையைத்தான் நான் வாழ்நாள் முழுக்கச் செய்தேன்.

உனக்கு ஒரு விஷயம் சொன்னதில்லை. நீ பிறப்பதற்கு முந்தைய வருஷம் அச்சுகள் செய்யும் எங்கள் டூல் ரூமில் ஒரு பிளாஸ்டிக் வாளிக்கு அச்சு செய்தோம். கைப்பிடியின் அடியில், சரியாக விரல் மடங்கும் இடத்தில் பார்ட்டிங் லைன், அதாவது அச்சின் இரண்டு பாதியும் சேரும் கோடு, வந்தது. அந்த இரண்டு பாதியும் மயிரிழை பொருந்தாமல் பிசிறு தட்டியது. பார்வைக்குத் தெரியாது. தண்ணீரோடு தூக்கினால் கத்தி மாதிரி அறுக்கும். மேலே இருந்தவரிடம் சொன்னேன். வாளிக்கு இது போதும் என்றார். சோதனைக்கு எடுத்த ஒரு வாளியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு வாரத்தில் அம்மாவின் நான்கு விரலிலும் ஒரே நேர்கோட்டில் சிவந்து தடித்துவிட்டது. அவள் குறையே சொல்லவில்லை. வாளி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஷிஃப்ட் முடிந்த பிறகு மூன்று நாள் உட்கார்ந்து, எண்ணெய்க் கல்லில் தேய்த்துத் தேய்த்து, இரண்டு முகத்தையும் பொருத்தி, ஓரத்தை உருட்டினேன். என் பிழைப்பில் நான் செய்த நல்ல வேலை எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

காரை விட்டே வந்தவர்களும் இருக்கிறார்கள். ரிச்சர்ட் சாப்பர் ஸ்டுட்கார்ட்டில் மெர்சிடிஸ் பென்ஸின் ஸ்டைலிங் பிரிவில் வேலை பார்த்துவிட்டு 1958-ல் மிலானுக்குப் போனார். அங்கே 1972-ல் டிட்ஸியோ மேசை விளக்கைச் செய்தார். எதிர் எடையில் நிற்கும் கைகள், விரலால் தொட்டால் நகரும், விட்ட இடத்தில் நிற்கும். கைகளில் வயரே கிடையாது. அந்த உலோகக் கை வழியாகவே மின்சாரம் பல்புக்குப் போகிறது. 1983-ல் அலெஸ்ஸி நிறுவனத்துக்கு ஒரு கெட்டில் செய்தார். தண்ணீர் கொதித்தால் இரண்டு பித்தளைக் குழல் சேர்ந்து இரண்டு ஸ்வரத்தில் ஊதும். 1992-ல் வந்த ஐபிஎம் திங்க்பேட் கணினியின் கறுப்புப் பெட்டி வடிவமும் அவருடையது. அந்தக் கெட்டிலைச் செய்தவர் கார் வேலையிலிருந்து கீழே இறங்கிவிட்டார் என்று யார் சொல்வார்கள்?

கடைசியாக ப்ரூக்ஸ் ஸ்டீவன்ஸ், உன் இஸ்திரிப் பெட்டிக்காகவே. அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்துக்காரர். சின்ன வயதில் போலியோ தாக்கிப் படுக்கையில் கிடந்தார். அவருடைய அப்பா வரைபடத் தாளும் மாடல் செய்யும் சாமான்களும் வாங்கிக் கொடுத்து உற்சாகப்படுத்தினாராம். இதைப் படித்தபோது உனக்கு டைபாய்டு வந்த அந்த மாதம்தான் ஞாபகம் வந்தது. கட்டில் முழுக்க கிராஃப் பேப்பர். அந்த மனிதர் பின்னாளில் ஜீப் வேகனீரை வடிவமைத்தார். 1963 மாடலாக வந்த வண்டி, அடிப்படை உருவம் மாறாமல் 1991 வரை ஓடியது. ஹார்லி மோட்டார் சைக்கிளுக்கும் வேலை செய்தார். துணி உலர்த்தும் இயந்திரத்தின் கதவில் கண்ணாடி ஜன்னல் வைக்கச் சொன்னவரும் அவர்தான். உள்ளே நடப்பது தெரிந்தால்தான் மக்களுக்கு நம்பிக்கை வரும் என்று. 1940-களின் தொடக்கத்தில் பெட்டிபாயின்ட் என்ற இஸ்திரிப் பெட்டியையும் எட்வர்ட் ஷ்ரையரோடு சேர்ந்து செய்தார். பக்கவாட்டில் விமான இறக்கை மாதிரித் தகடுகள் அடுக்கியிருக்கும். படத்தைத் தேடிப் பார்.

ஆனால் அவர் 1954-ல் பிரபலப்படுத்திய ஒரு கொள்கை எனக்குப் பிடிக்காது. தேவைக்குச் சற்று முன்பே, சற்றுப் புதியதை வாங்கும் ஆசையை மக்கள் மனதில் ஊட்ட வேண்டும் என்றார். உன்னிடமும் அப்படிக் கேட்பார்கள். நீ அதற்குத் தலையாட்டாதே. அவர் செய்ததிலேயே மனதில் நிற்பது கிட்டத்தட்ட முப்பது வருஷம் மாறாத அந்த வேகனீர்தான்.

சரி, இனி வேலைக்கு வருகிறேன். இஸ்திரிப் பெட்டியை ஒருவர் ஒரே மூச்சில் அரை மணி நேரம் பிடித்திருப்பார். கைப்பிடி மேல்நோக்கி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதில்தான் மணிக்கட்டு வலி இருக்கிறது. கட்டைவிரல் போய் நிற்கும் இடத்தில் பட்டன் வராமல் பார்த்துக்கொள், அழுத்தும்போது தானாக அமுங்கிவிடும். பார்ட்டிங் லைனை விரல் மடிப்பிலிருந்து தள்ளி வை. டூல் ரூம்காரர்கள் முடியாது என்பார்கள், முடியும். எப்படி என்று அடுத்த கடிதத்தில் படம் போட்டு அனுப்புகிறேன்.

அப்புறம், அம்மாவுக்கு இடது கைப் பழக்கம் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். வீட்டில் இருக்கும் பெட்டியில் வயர் வலது பக்கம் வருகிறது. அவள் தேய்க்கும்போது ஒவ்வொரு இழுப்புக்கும் அது சட்டைமேல் புரள்கிறது, வலது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே தேய்க்கிறாள். இன்று காலை அவள் கையை அளந்தேன். உள்ளங்கை அகலம் 78 மி.மீ., கட்டைவிரலும் நடுவிரலும் தொடும்போது உள்வட்டத்தின் விட்டம் 42. எதற்கு என்று கேட்டாள், உனக்கு என்றேன். உடனே கையை நீட்டிக் காட்டினாள்.

முதல் ஃபோம் மாடல் முடிந்ததும் இரண்டாக அனுப்பு. ஒன்று அம்மா பிடித்துப் பார்க்க. இன்னொன்றை நான் குறுக்கே அறுத்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா