ஊர்ச் சங்கத்தில் பேசுவதற்கு முன்

யாழ்ப்பாணம்

அன்பின் நண்பருக்கு,

நாங்கள் நலம். உமது முழங்கால் வலி தணிந்து நீர் மறுபடியும் நடக்கத் தொடங்கியிருப்பதை உமது தங்கையார் சொல்லக் கேட்டு மகிழ்ந்தேன்.

சனசமூக நிலையத்துக்குப் பக்கத்தில் திறந்தவெளி உடற்பயிற்சித் திடல் ஒன்றை அமைக்க, கனடாவிலுள்ள நமது ஊர்ச் சங்கம் பணம் திரட்டித் தர ஆயத்தமாக இருப்பதாக எழுதியிருந்தீர். அதன் தேவையை நான் நாள்தோறும் காண்கிறேன். நீரிழிவுக்கு மருந்தெடுக்கும் பெண்கள் விடியற்காலையில் மோட்டார் சைக்கிள்களுக்கும் தெருநாய்களுக்கும் ஒதுங்கி ஒதுங்கிப் பிரதான வீதியிலேயே நடக்கிறார்கள். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது உடற்சமநிலைக்கும் தசைவலுவுக்கும் உரிய பயிற்சிகளைச் செய்ய வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2020 இல் அறிவுறுத்தியது. நம் ஊரில் அந்த வயதினர் பிடித்து நின்று பயிற்சி செய்ய ஒரு கைபிடிக் கம்பிகூட இல்லை.

ஆயினும் கருவிகளை வாங்குவது இந்த முயற்சியின் எளிதான பகுதி என்றே நான் நினைக்கிறேன். அயலூர் ஒன்றில் இப்படி அமைந்த திடலைப் போய்ப் பார்த்தேன். நடைக் கருவியின் ஒரு மிதிபலகை கழன்று தொங்குகிறது. கடற்காற்றில் உப்பேறி ஆணிகளைச் சுற்றித் துரு செதில் செதிலாக உதிர்கிறது. தோள் சுழற்றும் சக்கரத்தின் பெயரிங் (உருளைத் தாங்கி) இறுகிப்போனதால் வயதானவர்களால் அதை அசைக்க முடியவில்லை. கொடுத்தவர்கள் மனமுவந்துதான் கொடுத்திருக்கிறார்கள். யார் பராமரிப்பது, அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பவை மட்டும் எங்கும் எழுதப்படவில்லை.

காணி விடயம் இதைவிட முக்கியமானது. நாம் எண்ணியுள்ள நிலத்தின் ஒரு பகுதிதான் பிரதேச சபைக்குரியது. மற்றப் பகுதி வெளிநாட்டில் வாழும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். அவர்கள் வாய்ப்பேச்சில் சம்மதித்திருக்கிறார்கள். ஆனால் தனியார் காணியில் பொதுப்பணத்தைச் செலவிட எந்த அலுவலரும் ஒப்பமிட மாட்டார். எனவே முதலில் நொத்தாரிசு முன்னிலையில் நன்கொடை உறுதி (கொடைப் பத்திரம்) எழுதி அந்தத் துண்டைச் சபையின் பெயருக்கு மாற்ற வேண்டும். உறுதி கைக்கு வருமுன்னரே பாராளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் (ஊர் வேலைகளுக்கு அவர் பரிந்துரைக்கும் அரச ஒதுக்கீட்டில்) பணம் ஒதுக்குவித்தால், ஆண்டு முடிவதற்குள் வேலை முடியாமல் அது திறைசேரிக்கே திரும்பிப் போய்விடும்.

2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்த பிறகு, 2025 மே மாதத் தேர்தல் வரை, தெரிவான உறுப்பினர் எவரும் இல்லாமல் செயலாளர்களும் ஆணையாளர்களுமே இங்குள்ள சபைகளை நடத்தினார்கள். இப்போது நமது வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர் இருக்கிறார். சபை தனது அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தை மார்கழிக்குள் (டிசம்பர்) நிறைவேற்ற வேண்டியிருப்பதால், தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மதிப்பீட்டையும் இணைத்து நமது விண்ணப்பத்தைப் புரட்டாதிக்குள் (செப்டெம்பர்) கொடுத்துவிட்டால், நிலத்தைச் சமப்படுத்துவதையும் மின்விளக்கையும் சபையிடமே கேட்கலாம். விளக்கு அவசியம், இருட்டியபின் வெளிச்சமில்லாத இடத்துக்குப் பெண்கள் வரமாட்டார்கள். சபையும் கொடையாளரும் சேர்ந்து செய்வது இங்கு புதிதல்ல: யாழ். நகரிலுள்ள ஆரியகுளத்தை மாநகர சபை அறக்கொடை ஒன்றின் உதவியுடன் புனரமைத்து 2021 மார்கழியில் திறந்ததை நீர் அறிவீர்.

ஆகவே உங்கள் கூட்டத்தில் நீர் ஒரு கருத்தை வலியுறுத்த வேண்டும். திரளும் பணம் முழுவதையும் கருவிகளில் போடாமல், ஒரு பங்கைச் சனசமூக நிலையத்தின் பெயரில் நிலையான வைப்பில் இட்டு, அதன் வட்டியைப் பராமரிப்புக்கு மட்டும் எடுக்கும்படி எழுத்தில் தீர்மானியுங்கள். அதனால் கருவிகளின் எண்ணிக்கை குறையும், குறையட்டும். துத்தநாக முலாம் பூசிய குழாய்களைக் கொண்டு இங்குள்ள வெல்டிங் பட்டறையிலேயே செய்வித்தால், பழுதுபட்டவுடன் செய்தவரையே கூப்பிட்டுத் திருத்தலாம். பெயர்ப்பலகை வேண்டுமென்று சிலர் கேட்பார்கள். வைப்புக்குப் பணம் தந்தவர்களின் பெயர்களையும் அதில் பொறிப்போம் என்று சொல்லும்.

காணிக்காரருள் மூத்தவர் உமது நகரத்தில்தான் இருக்கிறார். கூட்டத்துக்கு முன்னர் அவரை நேரில் கண்டு, உறுதி எழுத இங்கு ஒருவருக்கு அற்றோனித் தத்துவம் (தன் சார்பில் ஒப்பமிடும் அதிகாரம்) தருவாரா என்று கேட்டு எழுதும். அவர் பதில் கிடைத்ததும் நான் சபைச் செயலாளரைச் சந்திப்பேன்.

என்றும் அன்புடன்,
உமது நண்பன்