நூற்று இருபத்தொன்றாவது தோல்வி

சிகாகோ,
2 அக்டோபர் 2024

அன்புள்ள வேலாயுதம்,

உன் கடிதம் கிடைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் காலையில் கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறாய் என்று அறிந்து நிம்மதி அடைந்தேன். பதில் எழுதுவது தள்ளிப்போனதற்குச் சோம்பல் காரணம் அல்ல. "ஊரே கைகொட்டிச் சிரிக்கும் ஓர் அணியின் பின்னால் இந்த வயதில் அலைகிறாயே, அதில் உனக்கு என்னதான் கிடைக்கிறது?" என்று கேட்டிருந்தாய். சிகாகோ ஒயிட் சாக்ஸ் என்ற அந்தப் பேஸ்பால் அணியின் சீசன் போன ஞாயிற்றுக்கிழமைதான் முடிந்தது. அது முடிவதற்குள் எதை எழுதியிருந்தாலும் பாதிக் கதையாகத்தான் இருந்திருக்கும்.

நீ கிரிக்கெட்காரன், ஒரு கணக்கை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். பேஸ்பாலில் ஓர் அணி ஆறு மாதத்துக்குள் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஏறக்குறைய தினமும் ஆட்டம். இரவு பத்து மணிக்குத் தோற்றால் மறுநாள் மதியமே அடுத்த ஆட்டம் தொடங்கிவிடலாம்; உட்கார்ந்து துக்கம் கொண்டாடக்கூட நேரம் கிடையாது. எந்த அணியாக இருந்தாலும் மூன்றில் ஒரு பங்கை வெல்லும், மூன்றில் ஒரு பங்கைத் தோற்கும், மிச்சப் பங்கை என்ன செய்கிறது என்பதில்தான் சாமர்த்தியம் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. 162இல் மூன்றில் ஒன்று 54. எங்கள் ஒயிட் சாக்ஸ் வென்றவை 41. எல்லாருக்கும் சும்மா கிடைக்க வேண்டிய பங்கிலேயே பதின்மூன்று குறைவு. தோற்றவை 121. அமெரிக்கப் பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீகில் 1900க்குப் பிறகு ஒரே சீசனில் இத்தனை ஆட்டங்களைத் தோற்ற அணி வேறு கிடையாது. 1899இல் 134 ஆட்டங்களைத் தோற்ற கிளீவ்லண்ட் ஸ்பைடர்ஸ் அணியைச் சிலர் எங்களுக்குத் துணைக்கு அழைக்கிறார்கள். பாட்டன் காலத்துக் கடனைக் காட்டி இன்றைய கடனைச் சிறிதாக்கும் வேலை அது. 62 ஆண்டுகளாக இந்த அவப்பெயரைச் சுமந்தது நியூயார்க் மெட்ஸ். 1962இல் அவர்கள் 120 ஆட்டங்களைத் தோற்றார்கள், ஆனால் அது அந்த அணி பிறந்த ஆண்டு. நடை பழகும் குழந்தை விழுந்தால் யாரும் குறை சொல்வதில்லை. மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் 1901 முதல் ஆடிவரும் ஒயிட் சாக்ஸுக்கு அந்தச் சமாதானமும் இல்லை.

நான் இதில் மாட்டிக்கொண்ட விதமே விசித்திரமானது. 2004 குளிர்காலத்தில் நான் இந்த ஊருக்கு வந்தேன். எனக்கு முழுதாக வாய்த்த முதல் சீசன் 2005. அந்த ஆண்டு ஒயிட் சாக்ஸ் 99 ஆட்டங்களை வென்று, இறுதியில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸை நாலுக்குப் பூஜ்யம் என்று வீழ்த்தி, பட்டத்தைத் தீர்மானிக்கும் உலகத் தொடரைக் கைப்பற்றியது. 1917க்குப் பிறகு 88 ஆண்டுகள் காத்திருந்த ஊர் தெருவில் இறங்கி அழுதது. நானோ வந்த முதல் ஆண்டிலேயே தேர்த் திருவிழாவைப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் தினமும் தேர் ஓடும் என்று நம்பியவன். பத்தொன்பது ஆண்டுகளாக அந்த நம்பிக்கைக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

வீழ்ச்சி ஒரே நாளில் வரவில்லை, ஆனால் வந்த வேகம் பயங்கரமானது. 2021இல் 93 வெற்றிகளோடு தங்கள் பிரிவில் முதலிடம் பிடித்தவர்கள், 2023இல் 101 தோல்வி. அதன் பிறகு வீட்டுப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக அடகுக் கடைக்கு அனுப்புவதுபோல நல்ல ஆட்டக்காரர்களை மற்ற அணிகளுக்குக் கொடுத்துவிட்டு இளைஞர்களை வாங்கத் தொடங்கினார்கள். இந்த மார்ச்சில் சான் டியேகோ அணிக்குக் கொடுத்துவிட்ட டிலன் சீஸ் என்ற பந்து எறிபவர், ஜூலை 25 அன்று எதிரணிக்கு ஒரு ஹிட்கூட, அதாவது ஆளைப் பேஸில் சேர்க்கும் ஓர் அடிகூட, கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் எறிந்து முடித்தார். அதே சமயத்தில் இங்கே நாங்கள் தொடர்ச்சியாகத் தோற்றுக்கொண்டிருந்தோம். சீசனின் தொடக்கமே 25 ஆட்டங்களில் மூன்று வெற்றி. மே கடைசியில் தொடங்கி 14 தொடர் தோல்விகள். ஜூலை 10 முதல் ஆகஸ்ட் 5 வரை 21 தொடர் தோல்விகள். அமெரிக்கன் லீகில் 1988 பால்டிமோர் அணி மட்டுமே அத்தனை தோற்றிருக்கிறது. ஓக்லண்டில் அந்தச் சங்கிலி அறுந்து இரண்டே நாளில் மேலாளர் பெட்ரோ கிரிஃபோலை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் இடத்தில் தற்காலிகமாக வந்த கிரேடி சைஸ்மோர் கண்ணியமான மனிதர்தான், ஆனால் ஓட்டைப் பானைக்குப் புது மூடி போட்டு என்ன பயன்?

உன் கேள்விக்கான விடை கடைசி வாரத்தில்தான் இருக்கிறது. செப்டம்பர் 22 அன்று சான் டியேகோவில் 120ஆவது தோல்வி வந்து மெட்ஸின் கணக்கோடு சமமானது. மிச்சம் இருந்தவை ஆறு ஆட்டங்கள்: சொந்த ஊரில் ஏஞ்சல்ஸ் அணியுடன் மூன்று, டெட்ராய்ட்டில் மூன்று. செவ்வாய்க்கிழமை இரவு நான் ரெட் லைன் ரயில் ஏறி 35ஆம் தெருவில் இறங்கினேன். மைதானத்துக்கு ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தின் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த நிறுவனத்தின் சின்னம் கீழ்நோக்கிய சிவப்பு அம்பு. அதை உச்சியில் மாட்டிக்கொண்டுதான் எங்கள் அணி இந்த ஆண்டு முழுவதும் ஆடியது. பழைய ஆட்கள் இன்னமும் அந்த இடத்தை அதன் பழைய பெயரான கொமிஸ்கி என்றுதான் சொல்கிறார்கள்.

வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். அவர்கள் எதற்காக வந்திருக்கிறார்கள் என்பது சற்று நேரத்தில் எனக்குப் புரிந்தது. தோல்வியை நேரில் பார்த்துவிட்டு, 'அன்று நானும் அங்கே இருந்தேன்' என்று பின்னால் சொல்லிக்கொள்ள வந்தவர்கள் அவர்கள். ஏஞ்சல்ஸ் ஓட்டம் எடுத்தபோது எங்கள் ஆட்களே கைதட்டினார்கள். இடையிடையே "அணியை விற்றுவிடு" என்று 1981 முதல் உரிமையாளராக இருக்கும் ஜெர்ரி ரைன்ஸ்டோர்ஃபை நோக்கி ஒரே குரலில் கோஷம் எழுந்தது. உன்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? நானும் வீட்டிலிருந்து புறப்படும்போது அதைத்தான் மனத்துக்குள் எதிர்பார்த்தேன். எப்படியும் மூழ்கப்போகிற கப்பல், என் கண் முன்னால் மூழ்கட்டுமே என்ற அற்ப ஆசை.

எனக்குப் பக்கத்து இருக்கையில் எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர், மடியில் ஒரு பலகையும் அதன் மேல் ஸ்கோர் தாளும் வைத்துப் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மட்டையாளருக்கும் ஒரு கட்டம். கட்டத்துக்குள், ஓட்டக்காரர் சுற்றி வரவேண்டிய நான்கு பேஸ்களைக் காட்டும் சிறு சாய்சதுரம்; அதை வைரம் என்பார்கள். ஆள் முதல் பேஸை அடைந்தால் வைரத்தின் ஒரு பக்கம் கோடாகும். சுற்றி வந்து ஓட்டம் எடுத்தால் முழு வைரத்தையும் பென்சிலால் நிரப்ப வேண்டும். 1959இல் ஒயிட் சாக்ஸ் லீகை வென்றபோது தன் அப்பாவுடன் வந்து இதைக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். என்னிடமும் ஒரு தாளைக் கொடுத்து, இரண்டாவது இன்னிங்ஸிலிருந்து குறிக்க வைத்தார் (உன் கிரிக்கெட்போல் அல்ல, இங்கே அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ்). கோஷம் எழும்போதெல்லாம் தலையை நிமிர்த்தாமல், "அடுத்து யார்?" என்று மட்டும் கேட்பார். ஏழு இன்னிங்ஸ் முடிந்தபோது எங்கள் இருவர் தாளிலும் ஒயிட் சாக்ஸ் பக்கத்தில் ஒரு வைரம்கூடக் கறுக்கவில்லை. இந்த ஆண்டு முழுவதும் ஏழு இன்னிங்ஸ் முடிவில் பின்தங்கியிருந்த 94 ஆட்டங்களில் ஒன்றைக்கூட அவர்கள் வென்றதில்லை. பெரியவருக்கு அந்தக் கணக்கு தெரியும். ஆனாலும் எட்டாவது இன்னிங்ஸுக்கு முன் சட்டைப் பையிலிருந்து சின்னத் துருவியை எடுத்துப் பென்சிலைச் சீவிக்கொண்டார். சீவல் தாளில் விழாதபடி கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தேர்வு எழுதப்போகிற மாணவனைப்போல அவ்வளவு கவனமாக.

அந்த இன்னிங்ஸில் மூன்று ஓட்டங்கள் வந்தன. ஆண்ட்ரூ பெனின்டெண்டியின் அடி வெற்றி ஓட்டத்தைக் கொண்டுவந்தது. மூன்று வைரங்களைக் கறுப்பாக்கினோம். எனக்குக் கை நடுங்கி ஒன்றில் கோடு வெளியே போய்விட்டது. சற்று முன்வரை தோல்விக்காகக் கத்தியவர்கள், இப்போது வெற்றிக்காகக் கத்தினார்கள். ஏமாற்றம் அடைந்த முகம் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. ஆட்டம் 3-2 என்று முடிந்தது. திரும்பும் ரயிலில் எனக்கு மகிழ்ச்சியைவிட வெட்கம்தான் அதிகம் இருந்தது. நூற்றிருபது முறை தோற்ற ஆட்கள், தோற்பதைப் பார்க்கவே வந்த கூட்டத்தின் முன்னால், எந்தக் கணக்கும் துணை இல்லாமல் ஆடி வென்றிருக்கிறார்கள்.

புதன்கிழமை வானொலியில் கேட்டேன். பத்தாவது இன்னிங்ஸில் மறுபடியும் அதே பெனின்டெண்டியின் அடியால் 4-3. வியாழக்கிழமை 7-0. அன்று எறிந்த கிரிஸ் ஃபிளெக்சனுக்கு அது மே மாதத்துக்குப் பின் முதல் வெற்றி; அவர் முதலில் பந்து எறிந்து தொடங்கிய இருபது ஆட்டங்கள் வரிசையாகத் தோல்வியில் முடிந்திருந்தன. அதே வியாழக்கிழமைதான் ஓக்லண்டில் ஏ'ஸ் அணி 57 ஆண்டுகள் ஆடிய மைதானத்தில் கடைசி ஆட்டத்தை ஆடிவிட்டு ஊரைவிட்டே கிளம்பியது. நிரம்பிவழிந்த அரங்கில் மக்கள் அழுததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, எங்கள் அவமானம் சிறிதாகத் தோன்றியது. எங்களுக்குத் தோற்கவாவது ஓர் அணி மிஞ்சியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை டெட்ராய்ட்டில் அது நடந்தது: 4-1, 121ஆவது தோல்வி. அதே இரவில் டெட்ராய்ட் டைகர்ஸ் 2014க்குப் பிறகு முதல் முறையாக அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்று மைதானத்திலேயே கொண்டாடியது. எங்கள் துக்கத்தைக் கவனிக்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை. அதுவும் ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. இந்த டைகர்ஸ்தான் 2003இல் மெட்ஸின் கணக்கை எட்டிவிடும் நிலையில் நின்று, கடைசி ஆறில் ஐந்தை வென்று 119 தோல்வியோடு தப்பியது. ஒயிட் சாக்ஸும் சனி, ஞாயிறு இரண்டு ஆட்டங்களையும் வென்றது. கணக்குப் பார், எங்களுக்கும் கடைசி ஆறில் ஐந்து வெற்றி. அவர்கள் தப்பினார்கள், நாங்கள் தப்பவில்லை. வித்தியாசம் கடைசி வாரத்தில் இல்லை, ஏப்ரலில் இருக்கிறது.

தோற்றதற்கு ஆறுதல் பரிசும் கிடையாது. கடைசியில் நிற்கும் அணிக்கு அடுத்த ஆண்டு இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை கிடைக்கும் என்பதுதான் இங்குள்ள பொது வழக்கம். ஆனால் பெரிய ஊர் அணிகள் அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் அந்த முன்னுரிமைக்கான குலுக்கலில் இடம்பெறக் கூடாது என்று விதி போட்டிருக்கிறார்கள். அதனால் 121 தோல்விக்குப் பிறகும் எங்களுக்குப் பத்தாவது இடத்துக்கு மேல் கிடைக்காது. வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க வந்த விதி என்பதால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் பட்ட காலிலே படும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் உன் தமிழ் வகுப்பிலும் கிடைத்திருக்காது.

உன் கேள்விக்கு நேரான விடை என்னிடம் இன்னமும் இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை ஸ்கோர் தாளை இத்துடன் மடித்து வைத்திருக்கிறேன். புதுக் கண்ணால் நன்றாகப் பார். ஆறாவது இன்னிங்ஸில் ஒரு கட்டம் அழித்து எழுதியிருக்கும். அது என் பிழை, பெரியவர் திருத்தினார். எட்டாவதில் கோடு தாண்டிய வைரமும் என்னுடையதுதான். பார்த்துவிட்டு பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடு. அடுத்த மார்ச் 27 அன்று இதே ஏஞ்சல்ஸுடன் இங்கே முதல் ஆட்டம் இருக்கிறது. பெரியவர் அதே வரிசையில்தான் இருப்பாராம், தாளைக் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

உன்,
சேதுராமன்