'ஃபூட்' என்று கேட்டுப் பசியோடு வந்தவர்களுக்கும் நன்றி

போன சனிக்கிழமை ஒஸ்லோவில் எங்கள் குடியிருப்பின் பொது மண்டபத்தில் நோர்வே ட்ரம்ஸ் கலைஞர் தோமஸ் ஸ்ட்ரோனனின் இசையைப் போட்டுக் கேட்டுத் தமிழில் பேசினோம். பத்துப் பேர் தேறினாலே பெரிது என்றிருந்தேன். 26 பேர் வந்துவிட்டீர்கள்.

அதில் என் பிழையும் உண்டு. இங்கிலாந்து சாக்சபோன் கலைஞர் இயன் பலமியும் ஸ்ட்ரோனனும் 1998இல் வேறு இருவரோடு தொடங்கிய குழுவுக்கு 'ஃபூட்' என்று பெயர். நான் வட்ஸ்அப்பில் 'சனி மாலை ஃபூட்' என்று மட்டும் போட்டு வைக்க, நாலு குடும்பம் சாப்பிடாமலே வந்தது. விஷயம் தெரிந்து நாற்பது றோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்து என் மானத்தைக் காத்த அக்காவுக்குத்தான் முதல் நன்றி.

மண்டபத்து ஸ்பீக்கர் தொடங்கிய இரண்டாம் நிமிடமே கரகரத்து நின்றது. மூன்றாம் மாடியிலிருந்து தன் வீட்டுப் பெட்டிகள் இரண்டையும் தூக்கி வந்த தம்பி, உனக்கும் நன்றி. சிம்பலில் குச்சி உரசுகிற சத்தம் கேட்காவிட்டால் ஸ்ட்ரோனனில் பாதி போச்சு.

அப்புறம் என் வேலையிடத்து நோர்வே நண்பர். ஸ்ட்ரோனன் ஜாஸ் படித்த அதே ட்ரொண்ட்ஹைமில் படித்தவர். ட்ரம்ஸுக்கும் எலெக்ட்ரானிக்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு மாமா கேட்டதும், தேத்தண்ணிக் கோப்பையைக் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டி, அதைப் போனில் பதிந்து, வேகத்தைக் குறைத்துப் போட்டார். கோயில் மணி மாதிரி நீண்டு கேட்டது. அதற்கு மேலே திரும்பவும் கோப்பையைத் தட்டினார். ஸ்ட்ரோனன் மேடையில் செய்வது இதுதான்: தான் வாசித்ததையே அங்கேயே பிடித்து, உருமாற்றி, அதோடு சேர்ந்து வாசிப்பது. நான் எழுதி வைத்திருந்த இரண்டு பக்கத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

மிருதங்க ஆசிரியர் ஐயாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கீபோர்ட் கலைஞர் ஸ்டோலே ஸ்டோர்லோக்கனோடு ஸ்ட்ரோனன் வாசிக்கும் 'ஹம்க்ரஷ்' என்ற இருவர் குழுவின் இசையைப் போட்டபோது ஐயா தொடையில் தாளம் போடத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் கை அந்தரத்தில் நின்றது. "இவர் தாளத்தை ஒளிச்சு வைச்சிருக்கிறார்" என்றார். 2012இல் வந்த 'ஃபூட்' இசைத்தட்டில் இந்தியக் கலைஞர் பிரகாஷ் சொண்டக்கேயின் ஸ்லைட் கிட்டார் வந்ததும் பெரியவர்கள் முகத்தில் ஒரு தெளிவு. எனக்கென்னவோ, 2015இல் பியானோ, வயலின், செல்லோ, பாஸ் சேர்த்து மின்கருவி எதுவும் இல்லாமல் அவர் செய்த இசைதான் பிடிக்கும். அதற்கு ஐயாவின் மகள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். தூங்கவில்லை என்று சத்தியம் செய்கிறாள், சரி.

கதிரைகளை அடுக்கிவிட்டுப் போன பிள்ளைகளுக்கும் நன்றி. அக்கா, உங்கள் நீலத் தட்டு என்னிடம்தான் இருக்கிறது. ஞாயிறு கொண்டுவருகிறேன், வெறுந்தட்டாக இல்லை.