பாக்டீரியாவுக்கு முதலில் காற்று கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏரியில் பாக்டீரியாவைத் தூவி நச்சுநீரைச் சுத்தமாக்கலாம் என்று உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். நான் பெங்களூரு பெல்லந்தூர் ஏரிக்குப் பக்கத்தில் குடியிருப்பவள். 2017 பிப்ரவரியில் அந்த ஏரி தீப்பிடித்துப் புகைந்ததையும், காற்றடித்தால் நுரை பறந்து ரோட்டில் போகிறவர்கள் மேல் ஒட்டியதையும் நேரில் பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

பாக்டீரியா வேலை செய்யும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1989-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பலிலிருந்து கொட்டிய எண்ணெய் கரையில் படிந்தபோது, அங்கே ஏற்கெனவே இருந்த பாக்டீரியாவுக்கு உரம் போட்டே நிறைய எண்ணெயைத் தின்ன வைத்தார்கள். நம் சாக்கடையிலும் பாக்டீரியாவுக்குப் பஞ்சமில்லை, மூச்சுவிடத்தான் அதற்கு வழியில்லை.

எங்கள் அபார்ட்மென்டிலேயே இதைப் பார்த்தோம். கரண்ட் பில் குறையும் என்று எஸ்டிபியில், அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், தொட்டிக்குள் காற்று ஊதும் புளோயரை ராத்திரியில் நிறுத்திவிட்டார்கள். சில நாளிலேயே மூன்றாவது மாடி வரை நாற்றம். கிருஷ்ணகிரியிலிருந்து வந்து வேலை பார்க்கும் ஆபரேட்டர் தம்பி தொட்டித் தண்ணீரை ஒரு கண்ணாடி ஜாடியில் மொண்டு காட்டினார். பழுப்பாக, ஈரமண் வாசனையோடு இருக்க வேண்டியது கறுத்துப்போய் அழுகிய முட்டை மாதிரி நாறியது. "அக்கா, இது தோசை மாவு மாதிரி உயிருள்ள சரக்கு. காத்தை நிறுத்திட்டு, பாத்ரூம்ல ஆசிட்டையும் ஊத்திட்டு, அப்புறம் பாக்கெட்ல பாக்டீரியா பவுடர் வாங்கிப் போட்டா எப்படிப் பிழைக்கும்?" என்றார். புளோயரை இரவு பகலாக ஓட்டினோம், ஆசிட்டை நிறுத்தச் சொல்லி வீடு வீடாகப் போய்க் கேட்டோம், மூன்று வாரத்தில் தொட்டி மறுபடி பழுப்பானது.

இன்னொன்று, குரோமியம், ஈயம் போன்ற உலோகங்களை எந்தப் பாக்டீரியாவாலும் தின்று இல்லாமல் ஆக்க முடியாது. குரோமியத்தை நஞ்சு குறைந்த வடிவத்துக்கு மாற்றும், அவ்வளவுதான், உலோகம் சேற்றிலேயே கிடக்கும். அதைத் தொழிற்சாலை வாசலிலேயே தடுத்தாக வேண்டும்.

பெல்லந்தூர் தண்ணீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் கலந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குத்தான் போகிறது, அங்கேயும் நுரை பொங்குகிறது, அந்தத் தண்ணீரில்தான் நம் விவசாயிகள் பயிர் செய்கிறார்கள். எனவே பவுடருக்கு டெண்டர் விடும் முன், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எத்தனை எஸ்டிபிகளில் புளோயர் ஓடுகிறது என்று அதிகாரிகள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
பெல்லந்தூர் வாசகி, பெங்களூரு