அத்தானை நாங்கள் தூக்கி வந்துவிட்டோம்

ஹன்ட் வேலி, மேரிலாந்து

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கு நான் நலம். அங்கே அம்மா, அத்தான், ஆச்சி, பிள்ளைகள் எல்லோரும் நலம்தானே?

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது, போனைக் காதில் வைப்பதற்குள் நான் போட்ட சத்தம் உனக்குக் கேட்டுவிட்டது. "அத்தானை அங்கேயே விட்டுவிட்டு எப்படி வருவது?" என்று நான் கத்த, நீ பதறிப்போய் "அவருக்கு என்னடா?" என்றாய். அவரோ உன் பக்கத்தில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். நான் கத்தியது ஒரு கணினி விளையாட்டைப் பார்த்து. போனில் விளக்கினால் சிரித்தே என் பேச்சைக் கெடுத்துவிடுவாய், அதனால்தான் இந்தக் கடிதம். அம்மாவுக்கு மட்டும் படித்துக் காட்டாதே.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். பால்டிமோர் நகரத்திலிருந்து வடக்கே வரும் லைட் ரயிலுக்கு இதுதான் கடைசி நிறுத்தம். கண்ணாடிக் கட்டடங்கள், அவற்றைவிடப் பெரிய கார் நிறுத்தங்கள், அவற்றைத் தாண்டினால் குதிரைப் பண்ணைகள். நடந்து போகலாம் என்று கிளம்பினால் நடைபாதை பாதியில் காணாமல் போய்விடும். உலகமெல்லாம் மிளகும் மஞ்சளும் விற்கிற மெக்கார்மிக் நிறுவனத்தின் தலைமையகம் இங்கேதான் இருக்கிறது. ஆனால் நான் ரசத்துக்கு மிளகு வாங்குவது குஜராத்திக்காரர் கடையில். லான்ஹாமில் உள்ள சிவா விஷ்ணு கோயிலுக்குக் காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது, அதனால் நினைத்தபோதெல்லாம் போக முடிவதில்லை. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. அதன்பிறகு தூங்கும்வரை என்ன செய்வது? அந்த நேரத்தில்தான் இந்த விளையாட்டு வந்து சேர்ந்தது.

பெயர் எக்ஸ்காம் 2. 2016இல் வந்தது. செய்தவர்கள் இந்தப் பகுதிக்காரர்கள்தான், ஃபிராக்சிஸ் நிறுவனத்தார். இதன் மூல விளையாட்டை 1994இல் இங்கிலாந்தில் ஜூலியன் கோலப் உருவாக்கினார். அதை வெளியிட்ட மைக்ரோப்ரோஸ் நிறுவனமும் அப்போது ஹன்ட் வேலியில்தான் இருந்தது. அலுவலகத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர் அந்தப் பழைய விளையாட்டிலேயே வீரர்களுக்குப் பள்ளித் தோழர்களின் பெயரை வைத்து ஆடியவர். அதில் செத்துப்போன ஒரு தோழனின் கதையை, போன வாரம் நடந்ததுபோல் எனக்குச் சொன்னார்.

கதை இதுதான். வேற்றுக்கிரகவாசிகள் பூமியைப் பிடித்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. நாம் மறைந்திருந்து போராடும் சிறு படையின் தளபதி. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நாமே ஓடுவதில்லை; நான்கைந்து பேரை அனுப்பி, ஒவ்வொருவராக நகர்த்த வேண்டும், நாம் ஆடியபின் எதிரி ஆடுவான். அனுப்புகிறவர்களுக்குப் பெயர், முகம், தலைமுடி, நாடு, குரல் எல்லாம் நாமே வைக்கலாம். வாழ்க்கைக் குறிப்பு எழுதவும் ஒரு பெட்டி உண்டு.

நான் நம் வீட்டையே கொண்டுபோய் அங்கே இறக்கிவிட்டேன். கையில் வாளோடு முன்னால் ஓடுகிறவர் அத்தான். குண்டு எறிபவர், தீபாவளிக்கு வெடி வாங்கியே கடன்பட்ட சண்முகம் சித்தப்பா. நீ மருத்துவப் பிரிவு. கிரெம்லின் என்ற பறக்கும் கருவியை அனுப்பித் தூரத்தில் இருப்பவனுக்கும் சிகிச்சை செய்வாய். ஆச்சிக்குத் தொலைதூரத் துப்பாக்கி. தலைமுடியை வெள்ளையாக்கினேன், முகத்தில் தழும்பு வைத்தேன். அந்த நிறுவனத்தார் எத்தனையோ தொப்பியும் கண்ணாடியும் வைத்திருக்கிறார்கள், ஒரு பாம்படம் வைக்கத் தோன்றவில்லை. ஆனால் ஆச்சியின் திறமை பொருத்தமாக அமைந்துவிட்டது. கூட இருப்பவர் கண்ணில் எதிரி பட்டால் போதும், அவள் மொட்டைமாடியில் இருந்தபடியே சுட்டுவிடுவாள். திண்ணையை விட்டு எழுந்திருக்காமல் தெரு முழுவதும் நடப்பதைத் தெரிந்துவைத்திருப்பாளே, அப்படித்தான்.

இப்படிச் செய்து சேமித்து வைத்தவர்கள் அடுத்தடுத்த ஆட்டங்களில் தாமாகவே தலைகாட்டுவார்கள். எப்போதும் நம் படையில்தான் வருவார்கள் என்பதில்லை. ஒருமுறை பெரிய மாமா எதிரியின் முக்கியப் பிரமுகராக வந்து நின்றார். வரப்புத் தகராறுக்குப் பிறகு எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

என் அறை நண்பர் ஆந்திராக்காரர். அவர் யாருக்கும் பெயர் வைப்பதில்லை, கணினி கொடுக்கிற பெயரே போதும் என்பார். ஒருவன் செத்தால் பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி ஆடுவார். நான் ஆடுவது அயர்ன்மேன் முறை. அதில் ஒவ்வொரு நகர்வும் உடனுக்குடன் பதிவாகிவிடும், திரும்ப வழியில்லை. செத்தவர் செத்தவர்தான், நினைவுச் சுவரில் படமாகிவிடுவார். "உனக்கு வேறு வேலை இல்லையா?" என்று கேட்கிறார். வெளியே இருந்து பார்த்தால் அவர் கேட்பது நியாயம்தான். அந்த முகங்களுக்கு உள்ளே ஒன்றும் இல்லை, சில எண்கள் மட்டுமே. ஆட்டம் ஆச்சிக்காக ஒரு வரி வசனம்கூட எழுதவில்லை, எல்லாம் நான் போட்டது. ஆனால் அவள் ஒரு தடவை குறி தப்பினாலும் "வெயில் கண்ணில் அடித்திருக்கும்" என்று என் மனம் அவளுக்காகப் பேசத் தொடங்கிவிடுகிறது. திரையில் 95 சதவீதம் என்று காட்டும், குண்டு சுவரில் போய் அடிக்கும். எளிய நிலைகளில் கணினி நமக்குத் தெரியாமல் நம் பக்கம் கொஞ்சம் சாய்ந்துகொடுக்கிறது என்று தெரிந்தபிறகும் ஆத்திரம் குறையவில்லை.

பாசத்தால் வரும் கெடுதலையும் சொல்ல வேண்டும். உனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று உன்னை எப்போதும் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கமே நிறுத்தினேன். சண்டையில் இறங்கினால்தான் அனுபவம் கூடும், பதவி உயரும். மற்றவர்கள் எல்லாம் கேப்டன், மேஜர் என்று போய்விட, நீ மட்டும் கீழேயே நின்றாய். இதை எழுதும்போது, உன்னைக் கல்லூரிக்கு மதுரைக்கு அனுப்பாமல் அப்பா பிடித்துவைத்தது நினைவுக்கு வருகிறது. சரி, அதை விடு.

ஞாயிறன்று நடந்ததைச் சொல்கிறேன். ஒரு விஞ்ஞானியை மீட்டுக்கொண்டு, குறித்த சுற்றுகளுக்குள் விமானம் நிற்கும் இடத்துக்கு வந்துவிட வேண்டும். அத்தான் வழக்கம்போல் எல்லோருக்கும் முன்னால். பாம்புடலும் மனிதத் தோளுமாக ஒன்று உண்டு. அது கூரைமேலிருந்து நீளமான நாக்கை வீசி அவரை இழுத்து, உடம்பைச் சுற்றி நெரிக்கத் தொடங்கியது. ஆச்சி ஒரே குண்டில் அதை முடித்தாள். விடுபட்டவரை வேறொருவன் சுட்டுவிட்டான். இன்னும் மூன்று சுற்றுகளில் உயிர் போய்விடும் என்று திரை சொல்கிறது. அந்த நேரத்தில்தான் உன் போன்.

நீதான் அவரைக் காப்பாற்றினாய். கிரெம்லினை அனுப்பி இரத்தத்தை நிறுத்தினாய். நினைவில்லாமல் கிடந்தவரைச் சித்தப்பா தோளில் தூக்கிக்கொண்டார். ஆளைத் தூக்கியவரால் சுட முடியாது, நடக்க மட்டுமே முடியும். அதனால் அவர் போய்ச் சேரும்வரை ஆச்சி மாடியிலிருந்து இறங்காமல் ஒவ்வொருவராகச் சுட்டுக்கொண்டே இருந்தாள். அவள் இறங்கி ஓடிவர இரண்டு சுற்றுகள் வேண்டும். மீதி இருந்தது ஒன்று.

விமானம் கிளம்பிவிட்டது. ஆச்சியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அறை நண்பர் தோளில் தட்டி, "ஆள் குறைந்தால் வேறு ஆள் எடுத்துக்கொள்" என்றார். அன்று மதியம் அவர் செய்த பப்புச்சாறு எனக்கு இறங்கவில்லை. சிரிக்காதே. பிடிபட்டவர்கள் சாவதில்லை, பின்னால் ஏதாவது ஒரு மாதத்தில், அவர்களை மீட்கும் வாய்ப்பாக ஒரு பணி வரக்கூடும். வந்தால் ஆள் வேண்டுமே என்று இப்போது உன்னை முன்வரிசைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். நேற்று இரண்டு பேரை வீழ்த்தினாய், பதவி உயர்ந்திருக்கிறது. அத்தான் படுக்கையில் இருக்கிறார். தேற இன்னும் மூன்று வாரம் என்று காட்டுகிறது.

அம்மாவுக்கு ஏன் சொல்லக் கூடாது என்று இப்போது புரிந்திருக்கும். விளையாட்டுக்குக்கூட உயிரோடு இருப்பவர்களை வைத்து இப்படிச் செய்யலாமா என்று என்னைத் திட்டிவிட்டு, அத்தானை உட்காரவைத்து மிளகாய், உப்பு சுற்றிப் போடுவாள். ஆச்சியிடம் வேண்டுமானால் சொல். பிடித்துப்போனவர்கள் வெற்றிலை பாக்காவது கொடுத்தார்களா என்றுதான் அவள் கேட்பாள்.

அவளுடைய கண்புரை அறுவைக்கு வெள்ளிக்கிழமை பணம் அனுப்பிவிட்டேன். வந்ததா என்று வங்கியில் பார், தேதி குறித்ததும் எனக்குச் சொல். சின்னவன் தன்னையும் படையில் சேர்க்கச் சொல்லி அடம்பிடிப்பான். மாமா இப்போது ஆள் எடுக்கவில்லை என்று சொல்லிவிடு.

உன் அன்புத் தம்பி,
செல்வம்